வெளிநாட்டில் படித்த டாக்டரை ஏன் உடனே பணியில் அமர்த்த முடிவதில்லை?





விஸ்வநத்தத்தில் அறுப்பின் பண்டிகை ஆராதனை முடிந்து, கோழியும் வாழைத்தாரும் ஏலம் போய்க்கொண்டிருந்த வேளை. ஒரு தாயார் என்னைத் தனியே அழைத்தார்கள். இருபது வருடத்துக்கு மேலாகத் தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்தவர்கள்.

"ஐயா, எங்க பையன் டாக்டருக்குப் படிச்சு முடிச்சு ஊருக்கு வந்து ஒரு வருஷமாகப் போகுது. நம்ம ஆஸ்பத்திரியில ராத்திரி டியூட்டிக்கு டாக்டர் கெடைக்கலன்னு நீங்களே சபையில ஜெபிக்கச் சொல்றீங்க. இவன நாங்க வீட்டுல உக்கார வச்சுச் சோறு போடுறோம். ஏன்யா சேத்துக்க மாட்டேங்கிறீங்க?"

கோபமாகக் கேட்கவில்லை. அதனால்தான் அது இன்னும் மனதில் இருக்கிறது. பையன் 2018-ல் நீட் எழுதித் தேறினார். ஆனால் அரசுக் கல்லூரியில் இடம் கிடைக்கும் அளவுக்கு மதிப்பெண் இல்லை. தனியார் கல்லூரிக் கட்டணம் நினைத்துப்பார்க்க முடியாதது. வீட்டுப் பத்திரத்தையும் நகையையும் பாங்கில் வைத்து ஜார்ஜியா நாட்டுக்கு அனுப்பினார்கள். ஆறு வருடம் படித்து, பட்டத்தோடு வந்துவிட்டார். பட்டம் உண்மையானது. ஆனாலும் அவர் இன்று ஒரு மாத்திரைச் சீட்டுக்கூட எழுத முடியாது. எழுதினால் அவருக்கும் குற்றம், எழுத விட்ட எங்களுக்கும் குற்றம்.

அந்தத் தாயாருக்கு ஏலச் சத்தத்துக்கு நடுவே நான் சொன்ன பதில் அரைகுறையானது. இதே கேள்வியை வேறு விதமாகக் கேட்டு உங்களில் சிலரும் கடிதம் எழுதியிருக்கிறீர்கள். லண்டனில் இருக்கும் மகன் லீவில் வரும்போது நம் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து தரலாமா என்று ஒருவர். அந்தக் காலத்து வெள்ளைக்கார டாக்டர்கள் எந்தப் பரீட்சையும் எழுதாமல்தானே ஊழியம் செய்தார்கள் என்று இன்னொருவர். ஆகையால் இந்த முறை கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பட்டம் வேறு, பதிவு வேறு

படிப்பை முடித்ததற்குக் கல்லூரி தருவது பட்டம். நோயாளியைத் தொட அரசு தரும் அனுமதி பதிவு. நமது மாநிலத்தில் இந்தப் பதிவைச் செய்வது தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில். அங்கே தரப்படும் எண்ணைத்தான் டாக்டர்கள் தங்கள் பெயருக்குக் கீழே மருந்துச் சீட்டில் அச்சிடுகிறார்கள். அந்த எண் இல்லாதவர் மருத்துவம் பார்த்தால், 2019-ம் ஆண்டின் தேசிய மருத்துவ ஆணையச் சட்டப்படி ஓராண்டு வரை சிறை, அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதற்கு முந்திய 1956-ம் ஆண்டுச் சட்டத்தில் இந்த அபராதம் ஆயிரம் ரூபாயாகத்தான் இருந்தது.

சட்டத்துக்குப் பயந்து மட்டும் இதைச் சொல்லவில்லை. இந்தப் பகுதியில் வேலை செய்கிறவர்களுக்கு ஒரு காரியம் தெரியும். பட்டாசு ஆலையில் தீ பிடித்தால் காயம்பட்டவர் ஆஸ்பத்திரிக்கு வந்த நிமிடத்திலிருந்தே காகிதமும் ஆரம்பமாகிவிடுகிறது. விபத்துப் பதிவேட்டில் நேரத்தையும், உடலில் எத்தனை சதவிகிதம் வெந்திருக்கிறது என்பதையும் டாக்டர் எழுதிக் கையெழுத்திட வேண்டும். நிலைமை மோசமானால் மரண வாக்குமூலம் வாங்க மாஜிஸ்திரேட் வருவார். நோயாளி தெளிந்த நினைவோடுதான் பேசுகிறார் என்று டாக்டர் சான்று தருவது வழக்கம். பிற்பாடு அந்தக் குடும்பம் நஷ்டஈடு கேட்டுப் போகும்போது இந்தக் காகிதங்கள்தான் பேசும். அதில் கையெழுத்துப் போட்டவர் பதிவு இல்லாதவர் என்று எதிர்த்தரப்பு வக்கீல் ஒரு வார்த்தை சொன்னால், கணவனை இழந்த ஒரு பெண்ணின் வழக்கு தள்ளாடிப் போகும். 2012 செப்டம்பரில் முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்தில் நாற்பது பேர் அளவில் மாண்டுபோனதை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். அப்படிப்பட்ட ஒரு நாளில் வாசலில் நிற்கிற டாக்டர் யார் என்பது சின்ன விஷயமல்ல.

"ராத்திரிக்கு மட்டும் அந்தத் தம்பி பார்த்துக்கொள்ளட்டும், காலையில் பெரிய டாக்டர் கையெழுத்துப் போட்டுவிடட்டும்" என்று ஒரு நல்ல மனுஷர் எங்களுக்கு யோசனை சொன்னார். சில நர்சிங் ஹோம்களில் அப்படித்தான் நடக்கிறது என்பது எல்லாருக்கும் தெரிந்த ரகசியம். தீபாவளிக்கு முந்திய வாரங்களில், டாக்டர் இல்லாமல் இரவு வார்டை மூட வேண்டிவந்தபோது, எங்களுக்கும் அந்த நினைப்பு வராமல் இல்லை. செய்யவில்லை. அந்த இரவுகளில் வந்தவர்களைச் சிவகாசி அரசு ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸில் அனுப்பினோம்.

மிஷனரி டாக்டர்கள் எப்படி வந்தார்கள்?

அமெரிக்காவில் படித்த டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார் 1899-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று 1900-ல் வேலூர் வந்து சேர்ந்தார். அப்போது சென்னை மாகாணத்தில் டாக்டர்களுக்கான பதிவேடு என்று ஒன்றே கிடையாது. 1914-ல்தான் சென்னை மருத்துவப் பதிவுச் சட்டம் வந்தது. ஆகவே, அவர்கள் பரீட்சை எழுதாமல் தப்பித்துக்கொண்டார்கள் என்பது சரியல்ல. எழுதுவதற்குப் பரீட்சையே இல்லை. அதற்கு அரை நூற்றாண்டு முன்பே யாழ்ப்பாணத்தில், 1847-ல் வந்த அமெரிக்க மிஷனரி டாக்டர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன், மானிப்பாயில் அறுபதுக்கும் மேற்பட்ட நம்மவர்களை டாக்டர்களாகப் பயிற்றுவித்தார். அவர்களில் பெரும்பாலோருக்குப் பாடம் தமிழிலேயே நடந்தது, பாடப்புத்தகங்களையும் தமிழில் ஆக்கினார். அந்த நாளில் ஒருவருக்கு லைசென்ஸ் என்பது ஆசிரியர் தந்த சான்றுதான்.

பிறகு கம்பி வேலி வந்தது. அந்த வேலியை நாம் மட்டும் போடவில்லை. 1930-ல் இங்கிலாந்தின் பொது மருத்துவக் கவுன்சில், இந்தியப் பல்கலைக்கழகங்களின் மருத்துவப் பட்டங்களை ஏற்பதில்லை என்று முடிவெடுத்தது. இங்கே பெரிய மனவருத்தம். அதன் விளைவாகவே 1933-ல் இந்திய மருத்துவக் கவுன்சில் சட்டம் வந்தது. 'நீ என் பட்டத்தை மதித்தால் நான் உன் பட்டத்தை மதிக்கிறேன்' என்ற கொடுக்கல் வாங்கல்தான் அதன் அடிப்படை. கொல்லிமலையில் பிறந்து லண்டனில் படித்த டாக்டர் பால் பிராண்ட் 1946-ல் வேலூர் வந்து, தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களுக்கு ஆபரேஷன் செய்யத் தொடங்கியது அந்தக் காலகட்டத்தில்தான்.

வேலி உயர்ந்தபோது மிஷன் ஸ்தாபனங்களும் கஷ்டப்பட்டன. ஐடா அம்மையார் 1918-ல் பெண்களுக்காகத் தொடங்கிய மருத்துவப் பள்ளி எல்.எம்.பி. என்ற படிப்பைத்தான் நடத்தியது. 1930-களின் இறுதியில் சென்னை மாகாண அரசு அந்தப் படிப்பை நிறுத்தி, எம்.பி.பி.எஸ். தரத்துக்கு உயரச் சொன்னது. பள்ளியை மூடுவதா, உயர்த்துவதா? எழுபது வயதில் அந்த அம்மையார் அமெரிக்கா சென்று சபை சபையாக நிதி திரட்டினார். 1942-ல் வேலூரில் எம்.பி.பி.எஸ். தொடங்கியது. தரத்தை உயர்த்தச் சொன்ன அரசை அன்று எத்தனை பேர் சபித்தார்களோ தெரியாது. இன்று வேலூரின் பெயர் நிற்பது அந்த நெருக்கடியால்தான் என்பது என் எண்ணம்.

1956-ம் ஆண்டுச் சட்டத்தில் நம்மைப் போன்றவர்கள் கவனிக்கவேண்டிய ஒரு பிரிவு இருந்தது. பதினான்காம் பிரிவு. வெளிநாட்டுப் பட்டம் உள்ளவரை மூன்று நோக்கங்களுக்காக இங்கே பணி செய்ய அது அனுமதித்தது: போதனை, ஆராய்ச்சி, தர்ம காரியம். தன் நாட்டில் பதிவு பெற்றவராக இருக்கவேண்டும். எந்த ஸ்தாபனத்தோடு சேர்ந்திருக்கிறாரோ அங்கே மட்டுமே மருத்துவம் செய்யலாம். அரசு குறிப்பிட்ட காலம் வரைதான். அதாவது, மிஷன் ஆஸ்பத்திரிக்கு என்று சட்டத்திலேயே ஒரு சிறிய வாசல் வைத்திருந்தார்கள். அந்த வாசல் வழியாக வந்து, இங்கே பிரசவம் பார்த்து, கண் ஆபரேஷன் செய்து, காலம் முடிந்ததும் கப்பலேறிப் போனவர்கள் பலர்.

அந்தச் சட்டம் இப்போது இல்லை. 2020 செப்டம்பரில் தேசிய மருத்துவ ஆணையம் அதன் இடத்துக்கு வந்தது. ஆனாலும் வாசல் முழுவதும் அடைபடவில்லை. தன் நாட்டில் பதிவு பெற்ற வெளிநாட்டுக் குடிமகனுக்குக் குறிப்பிட்ட காலத்துக்குத் தற்காலிகப் பதிவு தரலாம் என்று புதிய சட்டமும் சொல்கிறது. முன்கூட்டியே விண்ணப்பித்து, அனுமதி கையில் வந்த பிறகுதான் அவர் நோயாளியைத் தொடலாம். விமானத்திலிருந்து இறங்கியதும் ஆபரேஷன் தியேட்டருக்குப் போவது என்பது இனி நடக்காது.

லண்டன் மகனைப் பற்றிக் கேட்ட நண்பருக்கு இதோ பதில். உங்கள் மகன் நம் நாட்டில் எம்.பி.பி.எஸ். முடித்துப் போனவராக இருந்து, இங்குள்ள பதிவு செல்லுபடியாகும் நிலையில் இருந்தால், தாராளமாக வரலாம். பதிவு நடப்பில் இருக்கிறதா என்பதை மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். அவர் வெளிநாட்டிலேயே படித்தவர், ஆனால் இந்தியக் குடிமகன் அல்லது ஓ.சி.ஐ. அட்டை உள்ளவர் என்றால், அமெரிக்கா, இங்கிலாந்து, கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய ஐந்து நாடுகளில் இளநிலைப் பட்டத்தோடு அங்கீகரிக்கப்பட்ட முதுநிலைப் பட்டமும் பெற்றவர்களுக்குத் தகுதித் தேர்விலிருந்து விலக்கு உண்டு. விலக்கு தேர்விலிருந்துதான், பதிவிலிருந்து அல்ல. இரண்டுமே இல்லையென்றால் வந்து பார்க்கலாம், எங்கள் இளம் டாக்டர்களுக்குப் பாடம் சொல்லித் தரலாம், கத்தியை மட்டும் எடுக்கக்கூடாது.

நம் பிள்ளைகள் கடக்கவேண்டிய வழி

இப்போது விஸ்வநத்தத்துப் பையனிடம் திரும்புவோம். அவர் போன்றவர்களுக்கு வழி நீளமானது.

சோவியத் நாட்டில் நம் பிள்ளைகள் படித்துவந்தது பழைய கதை. 1991-ல் அந்த நாடு உடைந்தபிறகு ஏராளமான கல்லூரிகள் கட்டணத்துக்கு இடம் தர ஆரம்பித்தன. பள்ளியில் போதிய தகுதி இல்லாதவர்களும் போனார்கள், ஒரு கல்லூரியில் தொடங்கி இன்னொன்றில் முடித்தவர்களும் உண்டு. தரம் பற்றிய சண்டை உச்ச நீதிமன்றம் வரை போனது. 2001-ல் சட்டத்தைத் திருத்தி, வெளிநாட்டில் படித்த இந்தியர் ஒரு தகுதித் தேர்வில் வென்றால்தான் பதிவு என்று ஆக்கினார்கள். 2002-லிருந்து அந்தத் தேர்வு நடக்கிறது. எஃப்.எம்.ஜி.இ. என்று பிள்ளைகள் சொல்வது அதைத்தான்.

வருடத்துக்கு இரண்டு முறை, ஜூன் பருவத்திலும் டிசம்பர் பருவத்திலும், தேசியத் தேர்வு வாரியம் இதை நடத்துகிறது. ஒரே நாளில் 300 கேள்விகள். காலையில் 150, பிற்பகலில் 150, ஒவ்வொன்றுக்கும் இரண்டரை மணி நேரம். நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்கப்படாது. 150 வாங்கினால் வெற்றி. எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம். கேட்பதற்கு எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் 2023 ஜூனில் எழுதியவர்களில் நூற்றுக்குச் சுமார் பத்துப் பேர்தான் தேறினார்கள். 2024 டிசம்பர் பருவத்தில் அது முப்பதை நெருங்கியது, அதுவே நல்ல வருடம் என்று பேசப்பட்டது.

நம் பையன் முதல் முறை 138. இரண்டாம் முறை 146. நான்கு மதிப்பெண்.

ஏன் இத்தனை பேர் தோற்கிறார்கள்? பிள்ளைகள் சோம்பேறிகள் என்று சொல்லிவிடுவது சுலபம். நான் அந்தத் தம்பியோடு சில மாலைகள் உட்கார்ந்து பேசினேன். வகுப்பு ஆங்கிலத்தில், நோயாளி பேசுவது அந்த ஊர் மொழியில். வார்டுக்குப் போனால் ஓரமாக நின்று பார்த்ததுதான் அதிகம். கண்ணாடி விரியன் கடியை அவர் ஆறு வருடத்தில் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. நமக்கோ மழைக்காலம் வந்தால் வாரம் ஒன்று வந்துவிடும். நம் நாட்டின் காசநோய்த் திட்டம், தடுப்பூசி அட்டவணை, மலேரியா ஒழிப்பு என்று தேர்வில் கேட்பவை அங்குள்ள பாடத்தில் இல்லை. கேட்கிறவர்களும் நியாயமாகத்தான் கேட்கிறார்கள். இங்கே மருத்துவம் பார்க்கப்போகிறவர் இங்குள்ள வியாதியை அறியவேண்டும் அல்லவா?

ஒரு உதாரணம் சொல்கிறேன். தீக்காயத்துக்கு முதல் நாளில் ஏற்றவேண்டிய திரவத்துக்கு ஒரு பழைய கணக்கு உண்டு. உடல் எடையை வெந்த சதவிகிதத்தால் பெருக்கி, அதை நான்கால் பெருக்கினால் எத்தனை மில்லி என்று வரும். இப்போது நான்குக்குப் பதில் இரண்டிலிருந்தும் தொடங்குகிறார்கள், அது இருக்கட்டும். 50 கிலோ எடையுள்ள ஒரு பெண்ணுக்கு 40 சதவிகிதம் வெந்திருந்தால் 8,000 மில்லி, அதாவது எட்டு லிட்டர். அதில் பாதியை முதல் எட்டு மணி நேரத்தில் ஏற்றவேண்டும். இங்கேதான் தடுமாற்றம். எட்டு மணி நேரம் ஆஸ்பத்திரிக்கு வந்ததிலிருந்து அல்ல, தீப்பட்ட நேரத்திலிருந்து. மதியம் ஒரு மணிக்கு விபத்து, வழியில் எதுவும் ஏற்றாமல் மாலை நான்கு மணிக்கு வந்து சேர்ந்தார் என்றால், மீதி ஐந்து மணி நேரத்தில் நான்கு லிட்டர், மணிக்கு 800 மில்லி. இதை அறியாதவர் மணிக்கு 500 என்று கணக்குப் போடுவார். சிறுநீரகம் கெட்டுப்போகும். அந்தத் தம்பியிடம் இதைக் கேட்டேன். சூத்திரத்தைச் சரியாகச் சொன்னார், நேரத்தில் தவறினார். இப்போது தவறமாட்டார்.

ஆனாலும் இந்தத் தேர்வைக் குறையில்லாதது என்று நான் சொல்லமாட்டேன். கணினியில் விடையைத் தட்டுகிறவருக்கு ஊசி போடத் தெரியுமா என்று அது பார்ப்பதில்லை. இந்தியாவில் படித்தவர் இதை எழுதவேண்டியதில்லை, எல்லாக் கல்லூரிகளும் ஒரே தரம் அல்ல என்று நமக்கே தெரியும். இருவருக்கும் பொதுவாக நெக்ஸ்ட் என்ற ஒரே தேர்வு வைப்போம் என்று 2019-ம் ஆண்டுச் சட்டம் சொன்னது. 2023-ல் அது ஒத்திவைக்கப்பட்டது, பிறகும் நடைமுறைக்கு வரவில்லை. வந்தால் ஒரு குறை தீரும்.

தேர்வில் வென்றதும் எல்லாம் முடிந்துவிடுமா என்றால், இல்லை. முதலில் தற்காலிகப் பதிவு. பிறகு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியிலோ, அதற்கென்று அனுமதி பெற்ற ஆஸ்பத்திரியிலோ ஓராண்டு சுழற்சிப் பயிற்சி. மருத்துவம், அறுவை, பிரசவம், குழந்தைகள், கிராமம் என்று ஒவ்வொன்றாகச் சுற்றிவர வேண்டும். எங்கள் ஆஸ்பத்திரிக்கு அந்த அனுமதி கிடையாது. ஒரு கல்லூரியில் உள்ள பயிற்சி இடங்களில் ஏழரை சதவிகிதம்வரைதான் வெளிநாட்டில் படித்தவர்களுக்கு என்று ஆணையம் வரையறுத்தது. அதனால் வரிசையில் காத்திருக்க நேரிடும். 2022 ஜனவரியில் தமிழ்நாட்டில் திறந்த பதினொரு அரசு மருத்துவக் கல்லூரிகளில் விருதுநகரும் ஒன்று என்பது நமக்கு ஓர் ஆறுதல். முன்பெல்லாம் மதுரைக்கோ திருநெல்வேலிக்கோ போகவேண்டும். இந்தப் பயிற்சிக்குக் கட்டணம் வாங்கக்கூடாது, இங்கு படித்தவர்களுக்குத் தரும் உதவித்தொகையை இவர்களுக்கும் தரவேண்டும் என்று 2022 மார்ச்சில் ஆணையம் சுற்றறிக்கை அனுப்பியது.

கொரோனாவும் உக்ரைன் யுத்தமும் இந்த வழியை இன்னும் நீளமாக்கின. 2022-ல் உக்ரைனிலிருந்து நம் மாநிலத்துக்கு மட்டும் ஏறத்தாழ 1,900 மாணவர்கள் பெட்டியும் கையுமாகத் திரும்பி வந்தார்கள். வார்டைக் காணாமல் ஆன்லைனில் பாடம் முடித்தவர்களுக்கு, தேர்வில் வென்றாலும் பயிற்சி ஓராண்டு போதாது, இரண்டாண்டு வேண்டும் என்று அந்த ஜூலையில் ஆணையம் அறிவித்தது. கொரோனா காலத்தில் ஆன்லைனில் படித்த மாதங்களை நேரில் படித்து ஈடுசெய்ததற்குக் கல்லூரிச் சான்றும் கேட்கப்படுகிறது. நம் பையனிடம் அந்தச் சான்று இருக்கிறதா என்று கேட்டேன். கல்லூரிக்கு எழுதியிருக்கிறார், பதில் வரவேண்டும்.

நம் ஊரில் மட்டும் இப்படி என்று நினைக்கவேண்டாம். நமது வேலூர், மதுரை, நெல்லைப் பட்டதாரிகள் இங்கிலாந்து போனால் பிளாப் என்ற இரண்டு கட்டத் தேர்வை எழுதுகிறார்கள். முதலாவது 180 கேள்விகள், இரண்டாவது மான்செஸ்டரில் செய்முறை, அதோடு ஆங்கிலத் தேர்வும் உண்டு. 1975-க்கு முன்பு நம் பட்டத்தை அங்கே அப்படியே ஏற்றுக்கொண்டிருந்தார்கள். அமெரிக்காவில் இங்கே பத்து வருடம் ஆபரேஷன் செய்த சர்ஜனும் பெரும்பாலும் மறுபடி ரெசிடென்ட் டாக்டராக முதல் படியிலிருந்து ஏறவேண்டும். இலங்கையிலும் வெளிநாட்டில் படித்தவர்களுக்குத் தனித் தேர்வு உண்டு. 1983-க்குப் பின் சிதறிப்போன ஈழத்து டாக்டர்கள் இந்தப் படிகளை நடுவயதில் மறுபடி ஏறினார்கள். அவர்களில் சிலர் இந்த மடலை வாசிக்கிறீர்கள், உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

பிள்ளையை அனுப்ப நினைக்கிற பெற்றோருக்கு

இந்தப் பகுதியைச் சபையில் வாசித்துக் காட்டும்படி சேகரத்து ஐயர்மாரைக் கேட்டுக்கொள்ளுகிறேன். 'நீட் தேவையில்லை, உடனே அட்மிஷன்' என்ற நோட்டீஸைக் கண்டால் அந்த ஏஜெண்டிடம் மேற்கொண்டு பேசவேண்டாம். 2018-லிருந்து வெளிநாடு போய்ப் படிப்பதற்கும் நீட் தேர்ச்சி கட்டாயம், அந்தத் தேர்ச்சி மூன்று வருடம்தான் செல்லும். 2021 நவம்பர் 18-க்குப் பிறகு சேர்ந்தவர்களுக்கு விதிகள் இன்னும் கடுமை. படிப்பு குறைந்தது 54 மாதம் இருக்கவேண்டும். அதன்பின் 12 மாதப் பயிற்சியை அதே கல்லூரியில் முடிக்கவேண்டும். பாடம் ஆங்கிலத்தில் நடக்கவேண்டும். ஒரே கல்லூரியில் தொடங்கி முடிக்கவேண்டும், அதுவும் பத்து வருடத்துக்குள்.

இதில் பலர் தவறவிடுவது ஒன்று உண்டு. அந்தப் பட்டத்தைக் கொண்டு அந்த நாட்டிலேயே டாக்டராகப் பதிவு செய்ய முடியவேண்டும். அந்த நாட்டுக்காரர்களுக்கு லைசென்ஸ் தரும் அதே பட்டமா, அல்லது வெளிநாட்டு மாணவர்களுக்கென்று ஆக்கிய வேறொரு பட்டமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பிலிப்பைன்ஸ் போனவர்கள் பட்ட பாடு இதற்குச் சாட்சி. அங்கே முதலில் பி.எஸ். என்ற படிப்பு, பிறகு நான்கு வருட எம்.டி. நான்கு வருடம் என்பது 48 மாதம். முன்னால் படித்த பி.எஸ்.ஸை மருத்துவப் படிப்போடு சேர்த்துக் கணக்கிட முடியாது என்று ஆணையம் சொல்லிவிட்டது. 54-க்கும் 48-க்கும் நடுவே உள்ள ஆறு மாதத்தில் எத்தனை குடும்பங்களின் நகை போய்விட்டது!

கட்டணத்தைக் கணக்கிடும்போது ஆறு வருடத்தோடு நிறுத்தாதீர்கள். திரும்பிவந்து தேர்வுக்குப் படிக்க ஓராண்டு, பயிற்சிக்கு ஓராண்டு, காத்திருப்புக்கு எத்தனையோ மாதம் என்று சேர்த்துக்கொள்ளுங்கள். பையன் சம்பாதிக்க எட்டு ஒன்பது வருடம் ஆகும். பாங்க் வட்டி மட்டும் அவனுக்காகக் காத்திராது.

அந்தத் தாயாரை அடுத்த ஞாயிறு மறுபடி பார்த்தேன். இதையெல்லாம் திண்ணையில் உட்கார்ந்து நிதானமாகச் சொன்னேன். தம்பி பகலில் எங்கள் ஆஸ்பத்திரி நூலகத்தில் படிக்க ஏற்பாடு செய்திருக்கிறோம். மாலையில் எங்கள் மூத்த டாக்டர் அரை மணி நேரம் அவரைக் கேள்வி கேட்கிறார். வார்டில் நின்று பார்க்கலாம், நோயாளியைத் தொடுவதில்லை, வெள்ளைக் கோட்டும் போடுவதில்லை. அடுத்த தேர்வுக்கு விண்ணப்பித்துவிட்டார். ஆதரவாளர்களில் ஒரு டாக்டர், காசநோய், தடுப்பூசி, தாய் சேய் நலம் ஆகியவை பற்றிய புத்தகங்களை அவருக்கு அனுப்பிவைத்திருக்கிறார், அவருக்கு எங்கள் நன்றி.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அந்த அம்மா விரலை மடக்கிக் கணக்குப் போட்டார்கள்.

"அப்போ இந்தத் தடவ பாஸ் ஆனாலும், நம்ம ஆஸ்பத்திரிக்கு வர இன்னும் ஒரு வருஷத்துக்கு மேலயா ஐயா?"

"ஆமாம்மா. அந்தச் சான்று வராவிட்டால் இரண்டு வருஷம்."

"சரி," என்றார்கள். "மூணு வருஷம்னு பாங்க்ல சொல்லி வச்சுக்கிறேன்."